அந்த ஊசி யாருடையது?

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது நல்ல பழக்கம் இல்லை என்று என் அம்மா சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். மற்ற எல்லாவற்றிலும் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்கப்போவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்பவர்களிடையே எச்.ஐ.வி. கிருமி எப்படிப் பரவுகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் கேள்வித்தாளில் ஒரு கேள்வி நான் எழுதியது. வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எழுதிய கேள்விகளுக்கு நடுவே, பதினேழு வயதில், ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான் எழுதியது.

அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பண்டமாரானில் குடியிருந்தேன். கிள்ளானில் ஒரு தனியார் கிளினிக்கில் பல வருடங்கள் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தேன். கிளினிக் வைத்திருந்தவர் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போய்விட, கிளினிக்கை மூடினார்கள். தமிழும் மலாயும் பேசத் தெரிந்த, ரத்தம் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இந்த ஆராய்ச்சிக்காரர்கள் தேடியபோது நான் போய் நின்றேன். எங்கே வேலை, யாரோடு வேலை என்று கேள்விப்பட்டதும் அக்கம்பக்கத்தில் ஒரே பேச்சு. குடும்பப் பெண் போகிற இடமா அது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் என் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

இன்னொரு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்காக ஊசி போட்டுக்கொண்டவர்களின் கையில் நரம்பு இருக்காது. எல்லாம் கயிறு மாதிரி இறுகிப்போயிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் அவர்களை நாலு இடத்தில் குத்திவிட்டு, திட்டி அனுப்புவார்கள். நான் ஒரே குத்தில் எடுப்பேன். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. "எங்க எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க," என்று கேட்பேன். தன் உடம்பைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? புறங்கையில் ஓர் இடத்தைக் காட்டுவான். அங்கே கிடைக்கும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் கேட்கத் தோன்ற வேண்டுமே.

எனக்குக் கொடுத்த இடம் போர்ட் கிள்ளானில் மூடிப்போன ஒரு பழைய கிடங்கின் பின்புறம். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், மீன்பிடிப் படகில் போகிறவர்கள், லோரியில் டிரைவருக்குத் துணையாகப் போகும் கெலிண்டான்கள் என்று தமிழர், மலாய்க்காரர் எல்லாரும் அங்கே வருவார்கள். நான் காலையில் போவேன். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். யாருக்கும் பெயர் கிடையாது, எண் எழுதிய ஓர் அட்டை மட்டும். கேள்விகளைக் கேட்டுத் தாளை நிரப்பி, ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்புவேன். முடிவு தெரிய வேண்டும் என்றால் அந்த அட்டையைக் காட்டித் தெரிந்துகொள்ளலாம். முதல் வாரம் என்னைப் போலீஸ் ஆள் என்று நினைத்து ஓடினார்கள். இரண்டாம் வாரம் "மிஸி வந்துட்டாங்க" என்று பெட்டியைத் துடைத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அங்கே எல்லாருக்கும் வேண்டிய ஒரு மனிதர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்கினாலும் துவைத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பவரை டிரெஸர் என்பார்கள். இவர் டிரெஸராக இருந்ததில்லை, டிரெஸருக்கு உதவியாளாக இருந்தவர். தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது வேலை போனது, அதன் பிறகு இந்தப் பழக்கம் வந்தது. ஆனாலும் அந்த இடத்தில் அவர்தான் டிரெஸர். நடுங்காத கை. மற்றவர்களுக்கு ஊசி போட்டுவிடுவது அவர்தான். "என் கையால போட்டு ஒருத்தனுக்கும் சீழ் வச்சதில்ல மிஸி," என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்தவர் என்று எனக்கும் அவர்மேல் மரியாதை இருந்தது.

மூன்று மாதம் ஆனது. ஒருநாள் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஆராய்ச்சி அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, அதுதான் அலுவலகம். ஆராய்ச்சிக்குத் தலைவியான டாக்டர் மேசையில் என் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். என்னைவிடச் சில வயதுதான் பெரியவர். நல்லவர், ஆனால் அன்று முகம் சரியில்லை.

"உக்காருங்க. கோபப்படாம கேளுங்க," என்றார். "ஊசி கேள்விக்கு உங்க பேப்பர் எல்லாத்துலயும் ஒரே பதில். நோ, நோ, நோ."

கேள்வி இதுதான்: கடந்த மாதத்தில் மற்றவர் பயன்படுத்திய ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டீர்களா, உங்கள் ஊசியை மற்றவருக்குக் கொடுத்தீர்களா? என் ஆட்கள் ஒருவர் விடாமல் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதை அப்படியே எழுதியிருந்தேன்.

"அதுக்கென்ன டாக்டர்?"

"ப்ளட் ரிசல்ட் வந்துடுச்சு. மத்த எல்லா இடத்தையும் விட உங்க இடத்துலதான் கிருமி அதிகம். ஊசி மாத்திக்கலன்னா எப்படி லா வந்துச்சு?" என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அங்க போகாமலேயே, எங்கயாவது மர நிழல்ல உக்காந்து பேப்பர் நிரப்பினா இப்படித்தான் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்னு மீட்டிங்ல பேசிக்கிறாங்க."

மழையில் நனைந்து, சேற்றில் நடந்து, நாய்க்குப் பயந்து நிரப்பிய தாள்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் கனமில்லாதவளுக்குத்தான் கோபம் அதிகம் வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"அம்மா கழுத்துச் சங்கிலிய திருடி வித்தேன்னு எங்கிட்ட ஒத்துக்கிட்டவன் அங்க இருக்கான் டாக்டர். அதையே சொல்றவன் ஊசி விஷயத்துல ஏன் பொய் சொல்லணும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்றார். ஒரு வாரம் தருவதாகச் சொன்னார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் என் இடத்தையே ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். என் தாள்கள், நான் எடுத்த ரத்தம் எல்லாம் குப்பைக்குப் போகும். என் வேலை போவது இருக்கட்டும், பொய்க் கணக்கு எழுதியவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். கிருமி அதிகம் இருக்கிற அந்த ஆட்கள் கணக்கிலேயே இல்லாமல் போவார்கள். கணக்கில் இல்லாதவனுக்கு யார் மருந்து கொடுப்பார்கள்? பஸ்ஸில் வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மறுநாள் காலை கிடங்குக்குப் பின்னால் முதலில் கண்ணில் பட்டது ஒரு கெலிண்டான் பையன்தான். பையன் என்பது என் வாய்ப்பழக்கம், அவனுக்கு இருபத்தைந்து வயது. எப்போதும் கிண்டலும் கேலியுமாக இருப்பான். அவனைப் பெட்டிக்கு எதிரே நிறுத்தினேன்.

"எங்கிட்ட பொய் சொன்னியா?"

"என்னக்கா காலையிலேயே? நான் என்ன பொய் சொன்னேன்?"

"அடுத்தவன் ஊசிய வாங்கிப் போட்டதே இல்லன்னு சொன்னியே."

"இல்லதான். நான் எவன்கிட்டயும் ஊசி வாங்கினதும் இல்ல, குடுத்ததும் இல்ல. பாக்கெட்ல ஊசி இருந்தா போலீஸ் உள்ள தூக்கிப் போட்டுடும்க்கா. இங்க யாரும் ஊசி வச்சிக்க மாட்டாங்க."

"பின்ன எதுல போடுற?"

"டிரெஸர்கிட்ட இருக்குல்ல. அவரு போட்டு விடுவாரு."

"அந்த ஊசி யாருது?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "டிரெஸர் ஊசி டிரெஸருதுதான். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனா கையோட ஊசி எடுத்துக்கிட்டா போவீங்க?"

நான் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால் நானும் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில் காய்ச்சல் பரவினால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாரையும் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிறுத்துவார்கள். டிரெஸர் கையில் ஒரே கண்ணாடி ஊசி. ஒவ்வொரு கையாகக் குத்திக்கொண்டே வருவார். என் முறை வருமுன்பே நான் அழ ஆரம்பித்துவிடுவேன். அந்த ஊசி யாருடையது என்று எங்களில் யாராவது கேட்டோமா? ஊசி டிரெஸருடையது, கை நம்முடையது. அவ்வளவுதான். இந்தக் கிடங்குக்குப் பின்னாலும் ஆட்கள் அவர் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வித்தியாசமாகத் தோன்றவே இல்லை. வரிசையில் உட்காரும் ஒழுங்கு இருக்கிறதே என்று மனதுக்குள் மெச்சியும் இருக்கிறேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி இதிலிருந்து நான் தப்பிக்க முடியாது. கண்முன்னால் இருந்ததை நான் பார்த்தும் எழுதவில்லை. தாளிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

டிரெஸர் வந்ததும் மெதுவாகக் கேட்டேன். "எத்தனை ஊசி வச்சிருக்கீங்க அண்ணே?"

"ஒண்ணுதான் மிஸி. மழுங்கிப் போச்சுன்னா வேற வாங்குவேன். ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல கழுவிடுவேன்." ஒரு பழைய பால் டின்னைக் காட்டினார். அதில் தண்ணீர் இருந்தது. சுத்தமான தண்ணீர்தான். தினம் காலையில் மாற்றுவாராம்.

அந்த இரவு சமையல் மேசையில் ஒரு பள்ளிக்கூட நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடித்து அடித்து எழுதினேன். கடைசியில் நின்றது இது: கடைசி முறை உங்களுக்கு ஊசி போட்டது யார்? அந்த ஊசி அன்றைக்கு உங்களிடம் வந்தபோது நீங்கள் எத்தனாவது ஆள்? மலாயிலும் எழுதினேன். ஊசி வாங்கினாயா, கொடுத்தாயா என்ற பேச்சே அதில் இல்லை. ஊசியைச் சொந்தமாக வைத்திருக்காதவனிடம் அதைக் கேட்டு என்ன பயன்?

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "ஒரு ஆள் சொன்னத வச்சு கேள்விய மாத்த முடியாது," என்றார்.

"நீங்களே வந்து கேளுங்க டாக்டர். நான் பக்கத்துல கூட நிக்கல."

வந்தார். அதுவரை அந்தப் பக்கம் ஒருமுறைகூட வந்ததில்லை. கவிழ்த்த மரப்பெட்டியில் அவர் உட்கார, நான் சொன்னபடியே சுவரோரம் தள்ளி நின்றேன். இவர்கள் வாய் மூடிக்கொண்டால் என் கதை முடிந்தது. முதலில் போனவன் அந்தக் கெலிண்டான். கேள்வி முடியுமுன்பே பதில் வந்தது.

"டிரெஸர் போட்டாரு. நான் நாலாவது ஆளு."

அடுத்தவர் ஒரு மலாய்க்காரர், படகில் போகிறவர். ஆறாவது என்றார். அதற்கடுத்தவன் இரண்டாவது. யாரும் தயங்கவில்லை, யாரும் மறைக்கவில்லை. வரிசையில் தன் இடம் எது என்று எல்லாருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். அவர் காது சிவந்திருந்ததை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் மிகவும் கஷ்டப்பட்டேன்.

எல்லாரும் முடிந்த பிறகு டிரெஸர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு யார் போடுறது?" என்று டாக்டர் கேட்டார்.

"நானேதான்."

"எத்தனாவது ஆளா?"

"எப்பவும் கடைசி டாக்டர்," என்றார் அவர், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து. "எல்லாருக்கும் போட்டு முடிச்சாத்தான் நமக்கு. அதுதான முறை?"

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைச் சொல்ல வேண்டியது நான்தான் என்று எனக்குப் புரிந்தது. என் சந்தோஷம் எல்லாம் அந்த நிமிடமே வடிந்துபோனது. போய் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"அண்ணே, தண்ணியில கழுவினா அந்தக் கிருமி போகாது. ஒருத்தர் ரத்தம் அடுத்தவருக்குப் போயிடும்."

அவர் பால் டின்னைப் பார்த்தார். "கொதிக்க வைக்கணும்," என்றார், கேள்வியாக இல்லாமல். "எஸ்டேட்ல இருபது வருசம் எனக்கு அதுதான் வேல மிஸி. ஊசி கொதிக்க வைக்கிறது. வேற யாரையும் தொட விடமாட்டேன். இங்க அடுப்பு மூட்டினா புகை வரும். புகை வந்தா போலீஸ் வரும். அதனாலதான்..." கையை நீட்டினார். எங்கே குத்தலாம் என்று நான் கேட்காமலேயே இடத்தைக் காட்டினார்.

திரும்பும் வழியில் காரில் டாக்டர், "உங்கள சந்தேகப்பட்டது தப்பு," என்றார். பரவாயில்லை என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். "ஆமா டாக்டர், தப்புதான்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். அடுத்த கூட்டத்திலேயே என் கேள்வி எல்லா இடத்துக்கான தாளிலும் ஏறியது. மற்ற இடங்களிலும் ஊசி போடுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. என் தாள்கள் ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை. மர நிழல் பேச்சை யார் ஆரம்பித்தார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஊசி கொடுக்க எங்களுக்கு அப்போது அனுமதி இல்லை. அப்படிப் பேசினாலே போதைக்குத் துணை போகிறார்கள் என்பார்கள். ஆனால் டிரெஸர் யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. படம் கழுவும் கடை ஒன்றில் போய், பிலிம் சுருள் வரும் சின்னக் கறுப்பு டப்பாக்களை ஒரு பை நிறையக் கேட்டு வாங்கி வந்தார். ஆளுக்கு ஒரு டப்பா, ஆளுக்கு ஓர் ஊசி. மூடியில் ஆளுக்கு ஓர் அடையாளம் கீறினார். பாக்கெட்டில் வைத்தால்தானே போலீஸ் பிடிக்கும் என்று, கிடங்குச் சுவரில் செங்கல் பெயர்ந்த சந்துகளில் ஒவ்வொன்றாகச் செருகி வைக்கச் சொன்னார். டப்பா இல்லாமல் வருகிறவனுக்குத் தன் கை ஊசி போடாது என்று சொல்லிவிட்டாராம். அவர் கையை நம்பிப் பழகியவர்களுக்கு வேறு வழி ஏது? எந்த ஆராய்ச்சிக் கூட்டத்திலும் யாருக்கும் தோன்றாத யோசனை இது. அவரை நினைத்து எனக்கு வந்த பெருமை, என் கேள்வியை நினைத்து வந்ததைவிடப் பெரியது.

அவருடைய ரத்தத்தின் முடிவு நான் பயந்தபடியே வந்தது. அட்டையைக் கொண்டுவந்து நீட்டியபோது அவரே, "சொல்லுங்க மிஸி, கடைசி ஆளுக்கு எல்லாந்தான வந்து சேரும்," என்றார்.

சில மாதங்கள் கழித்து இரண்டாம் சுற்றுக் கேள்விகளுக்காகக் கிடங்குக்குப் போனபோது அவர் அங்கே இல்லை. காய்ச்சல் விடாமல் அடித்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் தாள்களை எல்லாம் நிரப்பி முடித்துவிட்டு மாலையில் பார்க்கப் போனேன். பாதியாக இளைத்திருந்தார். தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

உடம்பு எப்படி என்று நான் கேட்குமுன் அவர் கேட்டார். "நம்ம ஆளுங்கள கேட்டீங்களா? எத்தனாவது ஆளுன்னு?"

"கேட்டேன் அண்ணே."

"என்ன சொன்னாங்க?"

"முதல் ஆளுன்னு சொன்னாங்க. எல்லாரும் அதே பதில். அவங்கவங்க டப்பாவையும் எடுத்துக் காட்டினாங்க." கேட்டதும் அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டுமே என்று சேர்த்துச் சொன்னேன். "ரெண்டு பேரைத் தவிர."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"பேர் எழுதறதில்லயே அண்ணே. எழுதினாலும் நான் சொல்லக்கூடாது."

"நீங்க சொல்ல வேணாம். எனக்கே தெரியும் யாருன்னு," என்றார். போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் காலால் செருப்பைத் தேடினார்.